ஆகஸ்ட் இரண்டு

அத்தியாயம் 14

ரூபியேல் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, முடியை இழுத்து இழுத்து இடது காதை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடவில்லை. காதுமடலில் இருந்த புண் போன வாரத்தைவிடக் கொஞ்சம் விரிந்திருந்தது.

"தொப்பி வச்சுக்கவா?" என்றான்.

"வச்சுக்கோ. ஆபீசுக்குள்ள எதுக்குடா தொப்பின்னு கேப்பாங்க. அப்ப என்ன சொல்லுவ?"

"பொண்டாட்டி கடிச்சிட்டான்னு சொல்லிக்கறேன்."

வேறு நாளாக இருந்தால் அவன் மனைவி ஹிமேனா சிரித்திருப்பாள். இன்றைக்கு அவள் வாயில் பல் தேய்க்கும் பிரஷ், கையில் போன், மனசில் மதியம் மூன்று மணி. சிரிப்புக்கு இடமில்லை.

கடித்தது மணல் ஈ. புயெனவெந்துராவுக்குப் போகிற பழைய காட்டுச் சாலையை அளக்கப் போன இடத்தில், கூடாரத்தில் தூங்கியவனை அது கடித்து, லீஷ்மேனியா என்ற கிருமியையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. ஆளைக் கொல்லாத நோய். ஆனால் புண் லேசில் ஆறாது. அதற்கு ஊசி இருக்கிறது. தினம் ஒன்றாக இருபது நாள் போட வேண்டும். மூட்டு மூட்டாக வலிக்கும், சாப்பாடு இறங்காது, இதயத்தையும் பதம் பார்க்கும். இத்தனையும் பட்ட பிறகு சிலருக்குப் புண் ஆறும், சிலருக்கு ஆறாது.

ரூபியேலின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். மகனின் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "பரவாயில்லை" என்றார். அந்தப் பரவாயில்லையை வைத்துக்கொண்டு ஹிமேனாவால் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடிந்ததா? இல்லை.

மாத்திரையும் உண்டு. ஆனால் நாடு முழுக்கத் தட்டுப்பாடு. ஊசிக்குக் கேட்காது என்று தெரிந்தவர்களுக்குத்தான் தருவார்கள். ஊசி போடாமலே அது எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஹிமேனா மூன்று வருஷமாகக் கணினி முன்னால் தவம் கிடக்கிறாள். நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து, அந்த எண்களை அவள் எழுதிய புரோகிராமில் போட்டால், இந்த உடம்பு ஊசிக்கு ஒத்துழைக்குமா, முரண்டு பிடிக்குமா என்று அது சொல்லிவிடும். முதல் தொகுதி நோயாளிகளுக்கு அப்படியே பலித்தது. பத்திரிகைக்காரர்கள்கூட வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது தொகுதியில்தான் சனி பிடித்தது. பரீட்சை எழுதிய அத்தனை பேரையும் ஃபெயில் போடுகிற வாத்தியார் மாதிரி, எல்லாருக்கும் ஊசி கேட்காது, எல்லாருக்கும் மாத்திரை கொடு என்றது புரோகிராம். ஆனால் அதில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஊசி போட்டு, புண் ஆறி, வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்கள்!

வாசகர்களுக்கு நினைவிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை பல்மீராவில் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், எல்லார் முன்னாலும் நாத்தனார் நோரா அதைத்தான் போட்டு உடைத்தாள். "டாக்டரம்மாவோட மெஷினுக்கு உலகத்துல யாருமே பிழைக்க மாட்டாங்க" என்றாள். கோழி சூப்பை ஊதிக்கொண்டிருந்த சித்தப்பா மாமாக்கள் எல்லாம் சிரித்தார்கள். ரூபியேல் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு இன்னும் ஹிமேனாவின் காதில் இருக்கிறது.

இன்று மூன்று மணிக்குக் குழு கூடுகிறது. அதற்குள் கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. மாத்திரைப் பெட்டி தலைநகருக்குத் திரும்பிப் போய்விடும். காத்திருக்கும் நோயாளிகள் அத்தனை பேருக்கும் திங்கட்கிழமை முதல் ஊசி. அவர்களில் ஒருவன்தான் இப்போது தொப்பியை மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.

"ஹிமே."

"ம்."

"இன்னிக்கு எது ஆனாலும் சரி, வீட்டுக்கு வந்து சாப்பிடணும். உம்முனு மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கயே உக்காந்திருக்கக் கூடாது."

தன் ரத்தம் என்ன சொல்கிறது என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அவளாலும் சொல்ல முடியாது. எல்லாருடைய ரத்தத்துக்கும் பெயரில்லாத குறியீடுதான். எது அவனுடையது என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. அவன் கேட்டுத் தொலைத்தாலாவது எரிந்து விழலாம். கேட்காமல் இருக்கிறானே, அதுதான் அவளை அறுத்தது.

செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. மாமியார் தோன்யா லியோனிலா.

"ஏம்மா ஹிமேனா, பூவுக்கு யாரு சொல்றது?"

"எந்தப் பூ அத்தை?"

"எந்தப் பூவா! நல்லாக் கேட்ட போ! உங்க மாமனார் வருஷப் பூசைக்கு. குரூப்புல போட்டு நாளாச்சு. எல்லாரும் பாத்தாச்சு. பாக்காத ஆளுன்னு உன் பேரு ஒண்ணுதான் நிக்குது."

"வேலை அத்தை. இன்னிக்கு ஒரு நாள் விடுங்க."

"எனக்கு மட்டும் வேலை இல்லையா? நான் என்ன ஊஞ்சல்ல ஆடிட்டா இருக்கேன்? சாமியார்கிட்ட நேரம் வாங்க நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். அப்புறம் இன்னொண்ணு. ஊசி கீசின்னு போட்டு எம்புள்ளய அன்னிக்குப் படுக்க வச்சிடாதீங்க. அப்பன் பூசையில அவன் முன்வரிசையில நிக்கணும்."

"ஊசிய நானா போடறேன்?"

"பின்ன? அந்தக் கம்ப்யூட்டரு நீ சொல்றதத்தானே கேக்குது?"

அது கேட்டால் எனக்கேன் இந்தத் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டே ஹிமேனா போனை வைத்தாள். குரூப்பை அப்போதும் திறக்கவில்லை. அதில் ஒரு நாளைக்கு வருகிற காலை வணக்கப் பூக்களுக்கே ஒரு தோட்டம் வேண்டும்.

ஆராய்ச்சிக்கூடத்தில் நோரா ஏற்கெனவே வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தாள். ஒரு கையில் காப்பி, மறு கையில் பாதி கடித்த பாந்தெபோனோ ரொட்டி.

"வாங்க டாக்டரம்மா. ஏதாச்சும் முன்னேற்றம் உண்டா, இல்ல இன்னும் எல்லாரும் ஃபெயில்தானா?"

காலி என்ற அவர்கள் ஊரில் டை கட்டினவர் எல்லாருக்கும் டாக்டர் பட்டம்தான். வாசல் காவலாளியையே நோரா டாக்டர் என்றுதான் அழைப்பாள். அதில் ஒரு கொஞ்சல் இருக்கும். ஹிமேனாவை அழைக்கும்போது மட்டும் அந்தச் சொல் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி வரும். அண்ணன் மனைவியாக அவள் அந்தக் குடும்பத்துக்குள் வந்து நாலு வருஷம் ஆகிறது. நோரா வாயிலிருந்து 'அண்ணி' என்ற சொல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட வந்ததில்லை. அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனாள், என் கூடத்தில் பாதியையும் கணினிக்கென்று பிடுங்கிக்கொண்டாள் என்பது அவள் ஆற்றாமை.

"கோளாறு என் பக்கம் இல்ல நோரா. மூணு தடவ வரிவரியா படிச்சுட்டேன். ரத்தம்தான் எங்கயோ கெட்டிருக்கணும்."

நோரா காப்பியை டொக்கென்று வைத்தாள்.

"கெட்டிருக்கா? நான் எடுத்த ரத்தமா? பஸ்ஸுல வந்த பாட்டிலக்கூட ஐஸ்ல வச்சு மடியில வச்சுக் கொண்டுவந்தவ நான். போன வாரம் குளிர்பெட்டி கணக்கெல்லாம் கேட்டீங்க, குடுத்தேன். என் கைய மோந்து பாக்கறதுதான் பாக்கி!"

"கோவிச்சுக்காத. எங்கயோ ஒரு இடத்துல..."

"எங்கயோன்னா அது எப்பவும் என் இடந்தானா? நீங்க உசுரோட ஒரு வெள்ளை அணுவைக் கண்ணால பாத்திருக்கீங்களா? திரையில வர்ற புள்ளிய அணுன்னு நம்பிட்டு இருக்கீங்க. நாம ரத்தத்தை அளக்க அனுப்பின வெளிநாட்டுக்காரங்களே கோப்பு சரியா இருக்குன்னு எழுதிட்டாங்க. அப்ப என் ரத்தம் சரிதானே? மிச்சம் யாரு?"

மிச்சம் ஹிமேனாதான். அதைச் சொல்லிக் காட்டத்தான் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வல்வெர்தே உள்ளே வந்தார். கூடத்துக்குத் தலைவர். நல்ல மனிதர்தான், ஆனால் மூன்று வாரமாக அவரையும் மேலிடத்தில் வறுத்தெடுக்கிறார்கள்.

"ரெண்டு பேரும் கத்தறது லிஃப்ட் வரைக்கும் கேக்குது" என்றார். "ஹிமேனா, எனக்கு ஆசை இருக்கும்மா. ஆனா ஆசைய வச்சு மருந்து குடுக்க முடியாது. மூணு மணிக்குப் புதுசா ஒண்ணும் இல்லேன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். போடாம இருக்க எனக்கு ஒரு காரணம் குடு."

கொடுக்க அவளிடம் காரணம் இல்லை. "சரி டாக்டர்" என்று மட்டும் சொன்னாள். நோரா குழாய்களைக் கழுவப் போய்விட்டாள்.

உட்கார்ந்தாள். ஓட்டினாள். எல்லாருக்கும் மாத்திரை என்றது. ஒரு வரியை மாற்றி ஓட்டினாள். எல்லாருக்கும் மாத்திரை. பழைய தொகுதியைப் போட்டு ஓட்டினாள். கச்சிதமாகச் சொன்னது, சமர்த்துப் பிள்ளை. புதியதைப் போட்டாள். எல்லாருக்கும் மாத்திரை. கணினியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தால் கீழே பழச்சாறு விற்கிறவன் தலையில் விழுமே என்ற ஒரே காரணத்துக்காக எறியவில்லை.

அவளுடைய கணக்கில் ஒன்பது ஜீன்கள். அதில் நாட்டாமை அகோ-2 என்ற ஜீன். அது நன்றாக வேலை செய்கிற உடம்பில் ஊசி பலிக்கும். மந்தமாக இருந்தால் பலிக்காது. மற்ற எட்டும் சேர்ந்தாலும் அதன் குரலுக்கு ஈடாகாது. எட்டையும் தனித்தனியாகப் படம் வரைந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தன. ஒன்பதாவதை வரைவதற்குள் போன் டிங் என்றது. மறுபடி டிங். மறுபடியும்.

ரூபியேலாக இருக்குமோ என்று எடுத்தாள். இல்லை, குடும்ப குரூப். 'ஹிமேனா பார்க்கவும்' என்று மாமியார் அவள் பெயரைப் போட்டு இழுத்திருந்தாள். கீழே ஒரு அத்தை கைகூப்பும் பொம்மை போட்டிருந்தாள். அதற்குக் கீழே இன்னொருத்தி அழும் பொம்மை.

"ஐயோ, பாத்துத் தொலைக்கறேன்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டுத் திறந்தாள்.

மாமியாரின் செய்தி இப்படி இருந்தது: '2 அகோ. சாயங்காலம் 5. பூசை. யாரும் கறுப்பு போட வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஹிமேனா, பூ.'

'சரி அத்தை' என்று அடிக்க ஆரம்பித்தாள். 'சரி' வரைக்கும் வந்தது விரல்.

2 அகோ.

ஆகஸ்டுக்கு இங்கே அகோஸ்தோ; எல்லாரும் அகோ என்றுதான் சுருக்கி எழுதுவார்கள். காலண்டரில் அகோ, பால் பாக்கெட்டில் அகோ, மின்சார பில்லில் அகோ. பிறந்ததிலிருந்து பார்க்கிற சொல். அதனாலேயே அது கண்ணில் விழுந்ததில்லை.

அகோ-2. 2 அகோ.

ஹிமேனா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நோரா அனுப்பிய கோப்பைத் திறந்தாள். மூன்று வாரமாக அதிலுள்ள எண்களை எல்லாம் சலித்துவிட்டாள். பெயர்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பெயரில் என்ன தப்பு வரப்போகிறது? அகோ-2 என்று தேடினாள். இல்லை. ஆயிரக்கணக்கான பெயர்களை உருட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தாள். அங்கே, ஜீன்களின் பெயர்கள் வரிசையாக நிற்க வேண்டிய இடத்தில், நான்கு தேதிகள் நின்றன. ஆகஸ்ட் ஒன்று, ஆகஸ்ட் இரண்டு, ஆகஸ்ட் மூன்று, ஆகஸ்ட் நான்கு.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அந்தப் பக்கம் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த நோரா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"நோரா, ரெண்டாவது தொகுதிக் கோப்பு வெளிநாட்டுலேர்ந்து உனக்குத்தானே வந்துச்சு?"

"ஆமா. உங்களுக்கு அனுப்பிட்டேனே."

"அப்படியே அனுப்பினியா, திறந்து பாத்தியா?"

"திறந்தேன். தலைப்பு வரி கோணலா இருந்துச்சு, நேராக்கி, சேமிச்சு அனுப்பினேன். நல்லது பண்ணினது தப்பா?"

"எக்செல்லயா திறந்த?"

"பின்ன, அரேபா ரொட்டி சுடற கல்லுலயா திறப்பாங்க?"

"இங்க வா."

நோரா ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹிமேனா விரலால் காட்டினாள். நோரா குனிந்து படித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உதடு மட்டும் அசைந்தது.

"இது என்ன, யாரோட பிறந்தநாளு?"

"அகோ-ஒண்ணு, அகோ-ரெண்டு, அகோ-மூணு, அகோ-நாலு. நம்ம ஊரு எக்செல் நம்ம பாஷை பேசுது. அகோன்னு பாத்ததும், ஓகோ ஆகஸ்டான்னு தேதியா மாத்திடுச்சு. இங்கிலீஷ் கம்ப்யூட்டர்ல இது நடக்காது. அதான் அவங்க பக்கம் எல்லாம் சரின்னு எழுதிட்டாங்க. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தியே நோரா! மூணு வாரம்! ஞாயித்துக்கிழமை அத்தனை பேர் முன்னாடி என்னைச் சிரிக்க வச்சியே!"

நோராவின் முகம் வெளுத்தது. ஹிமேனா இந்தக் கணத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தாள்! அனுபவிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் நோரா நிமிர்ந்துவிட்டாள்.

"சரி, என் தப்புதான். நான் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க புரோகிராம் அகோ-ரெண்டைத் தேடிச்சு. அங்க இல்ல. இல்லேன்னா 'இல்ல'ன்னு கத்த வேண்டாமா? வாய மூடிட்டு எப்படி விடை சொல்லிச்சு?"

ஹிமேனா கோப்பை மேலும் கீழும் உருட்டினாள்.

"சொல்லுங்க டாக்டரம்மா."

"பூஜ்யம்னு வச்சுக்கும்."

"என்னது?"

"ஒரு ஜீன் இல்லேன்னா அங்க பூஜ்யம் போட்டுக்கிட்டு மேல போகும். ஆரம்பத்துல நான்தான் அப்படி எழுதினேன். சும்மா சும்மா நிக்குதேன்னு... அப்ப வசதியா இருந்துச்சு."

"ஆக, எல்லாருக்கும் அகோ-ரெண்டு பூஜ்யம். அதனால எல்லாருக்கும் ஊசி கேக்காது. என் குளிர்பெட்டிக் கணக்கைக் கேட்டீங்களே, உங்க பூஜ்யத்தோட கணக்கை யாரு கேக்கறது?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் இரண்டு இடத்திலும் சரிசமமாக உட்கார்ந்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோராவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மூக்கால் வந்த ஒரு சிறிய சிரிப்பு. "ஆகஸ்ட் ரெண்டு, அப்பா பூசை நாளு! அப்பா செத்தும் வேலை குடுக்கறாரு பாருங்க" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூலக் கோப்பு என் மெயில்ல இருக்கு. தொடாம அப்படியே அனுப்பறேன்" என்றாள். "சத்தியமா திறக்க மாட்டேன்."

கோப்பு வந்தது. ஹிமேனா முதலில் பெயர்களைப் பார்த்தாள். அகோ-2 சாதுவாகத் தன் இடத்தில் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன பூஜ்யத்தை நீக்கிவிட்டு, ஜீன் இல்லாவிட்டால் ஊரைக் கூட்டிக் கத்து என்று எழுதினாள். ஓட்டினாள்.

கணினி மென்றுகொண்டிருந்தது. நோரா தன் ரொட்டியின் மீதிப் பாதியைப் பிட்டு ஹிமேனாவின் மேஜையில் வைத்தாள். ஹிமேனா அதைச் சாப்பிட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திரையில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு ஊசி கேட்காது. கீழே இருப்பவர்களுக்குக் கேட்கும். ஊசியில் குணமானவர்களின் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கோட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தன. குணமாகாதவர்கள் மேலே. ஒன்றிரண்டு இடம் மாறியிருந்தன. அது எந்தப் பரீட்சையிலும் உண்டு. மற்றபடி முதல் தொகுதி மாதிரியே அப்படியே பலித்தது.

"பலிச்சிடுச்சு" என்றாள் ஹிமேனா. குரல் அவளுடையதாகவே இல்லை. "நோரா, பலிச்சிடுச்சு!"

நோரா அவள் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். நாலு வருஷத்தில் அவள் ஹிமேனாவைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்றுகூடக் கன்னத்தருகே காற்றுக்குத்தான் முத்தம் கொடுத்தாள்.

"சிகிச்சைக்குக் காத்திருக்கிறவங்களையும் போடுங்க" என்றாள் நோரா.

போட்டாள். ஒரு கைப்பிடி புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறியீடு. கோட்டுக்கு மேலே நாலு பேர். மாத்திரைப் பெட்டியில் இருப்பதும் நாலு பேருக்குத்தான். யாரோ எண்ணி வைத்த மாதிரி பொருந்தியது. மற்றவர்கள் எல்லாரும் கீழே. அதில் ஒரு புள்ளி மட்டும் கோட்டை ஒட்டி, ஒரு நூல் கீழே நின்றது.

தோளில் இருந்த கை இறுகியது.

ஹிமேனா திரும்பிப் பார்த்தாள். நோரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் புள்ளிகளையும் இல்லை, அந்த ஒன்றை. ரூபியேல் ரத்தம் கொடுக்க வந்த அன்று, ரத்தம் எடுக்கிற பெண் விடுப்பு. நோராதான் எடுத்தாள். அவன் குறியீடு என்ன என்று இந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்.

"நோரா, என்கிட்ட சொல்லக் கூடாது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

சொல்லத்தான் வேண்டுமா? அந்த முகத்தைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். காலையில் ஹிமேனாவின் கணக்கு தப்பாக இருந்தபோது அவனுக்கு மாத்திரை என்றது. இப்போது அவளே ராப்பகலாக மல்லுக்கட்டிக் கணக்கைச் சரிசெய்துவிட்டாள். சரியான கணக்கு ஊசி என்கிறது. ஊசி கேட்கும், புண் ஆறும் என்கிறது. இருபது நாள் அந்த இதயம் என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. அதை அவள் அதனிடம் கேட்கவே இல்லையே!

"இந்தக் கோடு" என்றாள் நோரா மெதுவாக. "இதை எங்க போடணும்னு யாரு முடிவு பண்ணினது?"

"நான்தான். முதல் தொகுதிய வச்சு."

"இதான் சரியான இடம்னு சாமி வந்து சொல்லிச்சா?"

"இல்ல. ரெண்டாவது தொகுதி வர்றதுக்கு முன்னாடியே போட்டது. யாரு ரத்தம் எங்க விழும்னு தெரியாம போட்டது. அதுக்குத்தான் மதிப்பு."

நோரா ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விதி என்றால் விதி என்று கூடத்தையே ஆட்டிப் படைக்கிறவள் அவள். கையுறை இல்லாமல் கதவைத் தொட்டதற்காக டாக்டர் வல்வெர்தேயையே திட்டினவள். இப்போது தன் கைகளை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எங்கப்பா விழுந்தப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன்" என்றாள். "சட்டையைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு."

"தெரியும்."

"ஒரு நூலுதானே? கொஞ்சம் கீழ நகத்த முடியாதா... அண்ணி?"

நாலு வருஷம் அந்தச் சொல்லுக்காக ஹிமேனா காத்திருந்தாள். கிறிஸ்துமஸ் விருந்துகளில், பிறந்தநாள்களில், ரூபியேல் ஜாடை காட்டிக் கெஞ்சிய எத்தனையோ ஞாயிறுகளில் வராத சொல். வந்த நேரத்தைப் பார்!

"முடியும்" என்றாள். "ஒரு எண்ணை மாத்தினா போதும், யாருக்கும் தெரியாது. அதான் எனக்குப் பயமா இருக்கு. மேல அஞ்சு பேரு இருப்பாங்க நோரா. பெட்டியில நாலு பேருக்குத்தான் இருக்கு."

"மாத்திரை கிடைக்காமப் போற அந்த ஒரு ஆளு யாருன்னு நமக்குத் தெரியாதே."

"ஆமா. அவன் பொண்டாட்டிக்குத் தெரியும்."

நோரா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

போன் டிங் என்றது. இந்தத் தடவை ரூபியேல்தான். 'அம்மா போன் பண்ணினாங்க. பூவுக்கு நானே சொல்லிட்டேன். வெள்ளை ரோஜா. நீ அதை நினைச்சு டென்ஷன் ஆகாதே.'

ஹிமேனா அதை இரண்டு தடவை படித்தாள். நோராவும் அவள் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

கதவு திறந்தது. டாக்டர் வல்வெர்தே டையை இறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் குழுவினர் அறைக்குள் நாற்காலி இழுக்கும் சத்தம்.

"என்னம்மா, ஏதாவது காரணம் கிடைச்சுதா எனக்கு?"

"கிடைச்சுது டாக்டர்" என்றாள் ஹிமேனா. "ஒரு நிமிஷம் குடுங்க, வந்துடறேன்."

கதவு மூடியது. விசைப்பலகையின் மேல் அவள் கை இருந்தது. அந்தக் கையின் மேல் நோரா தன் கையை வைத்தாள். குழாய் கழுவிய சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. அது தடுக்கிற கையா, தள்ளுகிற கையா என்று ஹிமேனாவுக்குப் புரியவில்லை.